கணுக்காலுக்கு இறங்கிய கோடுகள்

அஷாபிக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது, அவள் கன்னத்திலிருந்த குலக்கோடுகள் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கின. அதே வாரம் அவள் கடை போட்டிருந்த இபாடான் நகரச் சந்தையில் தக்காளி விலையும் இறங்கியிருந்ததால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது கத்தியால் கீறிய கோடுகள் அவை. கன்னத்துக்கு மூன்று. ஓயோ ஊரில் இன்ன வீட்டுப் பெண் என்பதை அவள் வாயைத் திறக்காமலே சொல்லிக்கொண்டிருந்தவை. மறு மழைக்காலத்தில் அவை தோளில் நின்றன, பிறகு விலாவில், பிறகு இடுப்பில். கூடவே முட்டிகள் கதவுக் கீல் போலக் கத்தின. ஈறு பல்லைக் கைவிட்டது. சட்டி இலேசாக இடித்தாலும் கையில் ஊதாப் பூ பூத்தது. வாட்டிச் சுரண்டி வேகவைத்த மாட்டுத்தோலை, அதாவது பொன்மோவை, விற்றுப் பிழைத்தவள் அவள். சொந்தத் தோல் இப்படிக் காலை வாரும் என்று எதிர்பார்க்கவில்லை.

மருந்தகத்து நர்ஸ் அவள் இடுப்பைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அம்மா, சதைக்குள்ள கொலாஜன்னு ஒரு நார் இருக்கு. தோலை இழுத்துப் பிடிக்கிறதும் அதுதான், மூட்டைத் தாங்குறதும் அதுதான். இளவயசுலயே குறைய ஆரம்பிச்சிடும். தீட்டு நின்னதும் ஓட்டமா ஓடிடும்."

"நான் நாப்பது வருஷமா தோலையே தின்னவ. அத்தனை நாரும் எங்கடி போச்சு?"

"வயித்துல கரைஞ்சு போச்சு. நேரா கன்னத்துல போய் ஒட்டிக்குமா என்ன?"

"பின்னே டப்பாவுல பொடியா அடைச்சு விக்கிறானே?"

"விக்கிறவன் மூஞ்சியைப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தாள். வெயிலில் கிடந்த மிளகாய் மாதிரி இருந்தான். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

கத்தியைப் பிடிக்க விரல் மறுத்த ஆண்டு கடையை மூடினாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வாடகை அறைக்கு ஏறும் படிகள் ஒவ்வொரு மாதமும் உயர்ந்துகொண்டே போயின. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஓயோவில் அப்பா வீட்டில் படுக்க ஓர் அறை, சாகவும் அதே அறை. கோடுகள் முழங்காலுக்கு வந்திருந்தபோது பஸ் ஏறினாள்.

வீட்டுக்குத் தலைவன் ஓயெலாடே, அப்பாவின் மூத்த தாரத்துப் பிள்ளை. அவளுடைய அறையில் யாரோ ஒருவனின் சிமென்ட் மூட்டைகளை வாடகைக்கு அடுக்கவிட்டிருந்தான். அதைச் சொல்ல முடியுமா? வேறொன்றைச் சொன்னான்.

"நம்ம வீட்டுக் கோடு கன்னத்துல இருக்கும். முழங்காலைக் காட்டி யார் வேணாலும் உள்ள வரலாமா?"

"சரி, முன்கட்டு வேணாம் அண்ணே. பின்கட்டுல ஒரு மூலை."

"கோடு மேல ஏறட்டும், பேசலாம்."

அதற்கு மேல் பேரம் பேச அவளுக்குத் தெம்பில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். அவன் குவளையோடு குனிந்தான். உச்சி வெயில், அவன் முகம் வியர்த்து, கன்னத்துக் கோடுகள் கறுப்பாக மீசையை நோக்கி வழிந்தன. புருவ மை. சந்தைக்காரியின் கண் தானாகவே எண்ணியது.

"அண்ணே, நாலு போட்டிருக்கியே."

"என்ன நாலு?"

"நமக்கு மூணுதானே. நாலு கோடு அந்தத் தெருக்கோடி வீட்டுக்காரனுக்கு. நீ அவனுக்கா பொறந்தே?"

ஓயெலாடே கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தான். அவன் முட்டியும் கத்தியது.

"தினமும் காலையில கண்ணாடி முன்னால நிக்கிறேன். எத்தனைன்னு மறந்து போச்சு."

"எப்போ இறங்குச்சு?"

"உன் அண்ணி கண்ணை மூடின வருஷம்."

"இப்போ எங்க நிக்குது?"

அவன் வாசலைப் பார்த்துக்கொண்டான். "தொப்புள்ல."

"என்னோடதைவிடச் சோம்பேறி."

சாயங்காலம் சிமென்ட் மூட்டைகள் வெளியே போயின. அஷாபி பாயை விரித்து மறுநாள் மதியம்வரை தூங்கினாள். யாரும் எழுப்பவில்லை. அடுத்த வறண்ட புழுதிக்காற்றுக் காலத்தில் அவள் கோடுகள் கணுக்காலுக்கு வந்து நின்றன. சில ஆண்டுகளில் அண்ணனுடையவையும் வந்து சேர்ந்தன. இருவரும் அவற்றுக்கு ஷியா மரக்கொட்டையிலிருந்து எடுத்த வெண்ணெயைத் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வரும் பையன்கள் பெரியவர்களை வணங்க அங்கே வழக்கப்படி தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள். விழுந்த இடத்திலிருந்தே கால்களைப் பார்த்து, சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு எழுந்திருப்பார்கள்.