கழுதைக்கு மாதம் மூன்று பவுண்டு

வட்டி என்றால் கிளெண்டா ஆர்மரோடுக்குத் தனிப் பசி. பர்ன்லியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பரிமாறும் வேலை, சம்பளம் சொல்லிக்கொள்கிறபடி இல்லை. ஆனால் இருக்கிற காசை எங்கே போட்டால் எவ்வளவு கூட வரும் என்று அவளிடம் கேட்டால், வங்கி மேலாளரே பேனா எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். அப்படி ஒரு கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளுக்கு வினையாக வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளும் கணவன் ரஸ்ஸலும் ஆளுக்கொரு புதுக் கணக்குத் திறந்தார்கள். ஐயாயிரம் பவுண்டு வரைக்கும் ஐந்து சதவீதம் வட்டி. சும்மா கொடுப்பானா வங்கிக்காரன்? ஒவ்வொரு கணக்கிலிருந்தும் மாதாமாதம் இரண்டு டைரக்ட் டெபிட், அதாவது ஏதாவது கட்டணத்துக்குப் பணம், தானாகப் போயாக வேண்டும், ஒன்று குறைந்தாலும் அந்த மாத வட்டி அம்போ. கிளெண்டா தன் கணக்கில் வீட்டு வரியையும் இணையக் கட்டணத்தையும் போட்டுக்கொண்டாள். ரஸ்ஸல் கணக்கில் தண்ணீர் வரி ஒன்றுதான். மின்சாரமும் எரிவாயுவும் கடையில் காசு கட்டி மீட்டரில் ஏற்றிக்கொள்கிற வீடு அது, அதெல்லாம் கணக்கில் சேராது. இன்னொரு டெபிட்டுக்கு எங்கே போவது?

வழி சொன்னது லொரெய்ன். பதினெட்டு வருடமாக அதே சமையலறையில் கிளெண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பரிமாறுகிறவள். செவ்வாய்தோறும் இருவரும் சேர்ந்து நீச்சலுக்குப் போவார்கள். கிளெண்டாவின் அம்மா செத்தபோது மூன்று நாள் கூடவே படுத்திருந்தவள்.

"இதுக்குப் போயா மண்டைய உடைச்சுக்கிற? ஊர்ல பாதிப் பேர் என்ன பண்றான்? ஏதாவது தர்மத்துக்கு மாசம் ரெண்டு மூணு பவுண்டு போட்டு விடறான். வங்கிக்கு டெபிட் டெபிட்தான், யாருக்குப் போனா அவனுக்கு என்ன?"

கிளெண்டா அன்றைக்கே ரஸ்ஸலைப் பிடித்துக்கொண்டாள். ரஸ்ஸல் பஸ் ஓட்டுகிறவன், அவசரப்படுகிற ஜென்மம் இல்லை. மூன்று வாரம் அவள் கத்தினாள். கடைசியில் ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னான்.

"போட்டுட்டேன் கண்ணு. பெண்டில் மலைக்கிட்ட வயசான கழுதைங்களுக்கு ஒரு காப்பகம் இருக்குல்ல, அதுல ஒண்ண தத்து எடுத்துட்டேன். மாசம் மூணு பவுண்டு. பேரு பெர்சி."

"உனக்கு ஏத்த ஜோடிதான் பிடிச்சிருக்க!" என்று கிளெண்டா சிரித்தாள். மறுநாள் சமையலறையில் இதைச் சொன்னபோது லொரெய்ன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

இந்த மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை. பள்ளி விடுமுறை. ரஸ்ஸலுக்கு இரண்டு மணிக்குத்தான் பஸ். பதினொரு மணிக்குத் தபால் வந்து விழுந்தது, அதில் ரஸ்ஸல் பெயருக்குக் கழுதைக் காப்பகத்திலிருந்து ஒரு பழுப்பு உறை. அந்த வீட்டில் பணம் சம்பந்தப்பட்ட உறை எதுவானாலும் பிரிப்பது கிளெண்டாதான், கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். ரஸ்ஸல் அதை மறந்திருக்க வேண்டும், அல்லது காப்பகத்திலிருந்து கடிதமே வராது என்று நினைத்திருக்க வேண்டும். டைரக்ட் டெபிட்டில் பிடிக்கிற தொகையைக் கூட்டுவதானால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்பது விதி. வட்டிக்காக விதியெல்லாம் மனப்பாடம் பண்ணியவள் பெண்டாட்டிதானே, அவனுக்கு எங்கே தெரியும்?

ஏப்ரல் முதல் மூன்று பவுண்டு நான்காகிறது என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே யாரோ ஒரு நல்ல மனுஷி கையால் எழுதியிருந்தாள்.

"அன்புள்ள ரஸ்ஸல், லொரெய்ன், இரண்டு வருடமாக மாதம் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்து பெர்சியைப் பார்க்கிறீர்கள். உங்களைப் போல அன்பான தம்பதியரைப் பார்ப்பது எங்களுக்கும் சந்தோஷம். போன முறை எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்."

படத்தில் கழுதை நடுவில் இல்லை, ஓரத்தில் நின்றது. நடுவில் ரஸ்ஸல். அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு லொரெய்ன். அவள் கழுத்தில் இருந்தது கிளெண்டாவின் சாம்பல் நிறக் கம்பளித் துண்டு, பனிக்காலத்தில் இரவல் வாங்கிப் போனது.

தம்பதியராம்! சனிக்கிழமை என்றால் வெளியூரில் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்பான். கிளெண்டா ரொட்டிக்குள் ஹாம் வைத்து, இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்புவாள். அந்த இன்னொரு பங்கை யார் தின்றது என்று இப்போது தெரிந்தது. அவனையாவது ஆண்பிள்ளை புத்தி என்று விட்டுவிடலாம். அவள்? அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சிரித்தாள்? கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே, பாவி! கிளெண்டாவுக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாக அவமானம் வந்தது. போடு போடு என்று மூன்று வாரம் கத்தியது யார்? ஓணானை வேலியிலிருந்து எடுத்து மடியில் விட்டுக்கொண்டது யார்?

சமையலறையில் ரஸ்ஸல் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். அவள் படத்தை அவன் தட்டில் வைத்தாள்.

பார்த்தான். அடுப்பை அணைத்தான்.

"சும்மா கழுதைய பாக்கப் போனது கிளெண்."

"ரெண்டு வருஷமா? மாசா மாசம்? ரஸ்ஸல், நான் வட்டிக்குத்தான் அலையறேன், புத்திக்கு இல்ல."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அப்போதும் அவள் மனதில் ஒரு மூலையில் ஒரு ஆசை இருந்தது. அவன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லட்டும், ஒரே ஒரு வார்த்தை, இருபத்தாறு வருடக் கல்யாணத்துக்காக விழுங்கிக்கொள்ளலாம் என்று.

"நிறுத்திடறியா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கே நிறுத்திடறேன்" என்றான் அவன், உயிர் வந்தவன் போல. "அந்த டெபிட்ட இப்பவே ரத்து பண்ணிடறேன். வட்டி போயிடும்னு நீ கவலப்படாத, வேற எதுக்காவது ஒண்ணு போட்டுக்கலாம்."

"நான் கழுதைய கேக்கல."

ரஸ்ஸல் ஜன்னலைப் பார்த்தான், பிறகு சட்டியில் ஆறிக்கொண்டிருந்த முட்டையைப் பார்த்தான். அவளைப் பார்க்கவே இல்லை. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி காத்திருப்பாள்? அவள் காத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டுத் திரும்பி வரும்வரை காத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

கிளெண்டா எழுந்து போய் போனை எடுத்து நகராட்சியின் வீட்டு வரி அலுவலகத்துக்கு அடித்தாள். பத்து நிமிடம் பாட்டுப் போட்டார்கள். ரஸ்ஸல் கதவோரம் வந்து நின்று, யாருக்குப் பேசுகிறாள் என்று புரியாமல் விழித்தான். கடைசியில் ஒரு இளம்பெண் குரல் வந்தது.

"சொல்லுங்கம்மா, என்ன வேணும்?"

"வீட்ல ஒரே ஆள் இருந்தா வரியில கால் பங்கு தள்ளுபடி உண்டே, அது வேணும்."

"சரிம்மா. உங்க கூட இருந்தவர் எந்தத் தேதியில வீட்ட விட்டுப் போனாரு?"

கிளெண்டா ரஸ்ஸலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் போகல, இங்கதான் நிக்கிறாரு. ரெண்டு மணிக்கு அவருக்கு பஸ். இன்னைக்குத் தேதியே போட்டுக்கோ கண்ணு."