முன்னால் நின்ற சைபர்

காணையில் கண்ணையன் தன் மனைவி கிருஷ்ணவேணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "ஏ சைபரு!" அவ்வளவுதான். "சைபரு எனக்குப் பின்னாடி நின்னா பத்து, நூறு. முன்னாடி வந்தா வெத்து" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பெரிய கணக்குப் புலி! விழுப்புரத்தில் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கும் மகள் கலைப்பிரியா ஒருநாள், "அந்த வார்த்தைக்கு ரகசிய எழுத்துன்னும் ஒரு அர்த்தம் இருக்கும்மா" என்றாள். கிருஷ்ணவேணி சிரித்துவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மகளுக்கே ஒரு ரகசிய எழுத்து இருந்தது. திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருந்த அன்புச்செல்வனுக்கு, "மல்லாட்டை 4 மூட்டை" என்று அனுப்பினால், நாலு மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வா என்று அர்த்தம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற வீட்டில் யாருக்குச் சந்தேகம் வரும்? தாய்க்கு வந்தது. தாய்மாமன் வல்லரசு திடீரென்று வந்து உட்கார்ந்த அன்று, மகள் "04 மூட்டை" என்று அனுப்பியதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டாள். அன்று மகள் வீட்டைவிட்டு நகரவில்லை. முன்னால் சைபர் இருந்தால் வராதே என்று அர்த்தம். பையன் காலனித் தெருக்காரன் என்பதும் தெரிந்தது. கிருஷ்ணவேணி மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள்.

கடைசியில் மகளின் போன் கண்ணையன் கையில் சிக்கியது. அடித்த அடியில் கலைப்பிரியா மூட்டைக் கணக்கைச் சொல்லிவிட்டாள். சைபரை மட்டும் சொல்லவில்லை. அவளை அறையில் போட்டுப் பூட்டினார். வல்லரசு கார் கொண்டுவந்தான். கரும்பு வெட்டுகிற கத்தியைச் சாக்கில் சுற்றி சீட்டுக்கடியில் வைப்பதைக் கிருஷ்ணவேணி பார்த்தாள்.

"நீதான் மகளிர் குழு குரூப்புல எந்நேரமும் தட்டிக்கினு கெடப்பியே. அடிடி, நாலு மூட்டைன்னு. ஜல்தி!"

"வேணாங்க. அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானேங்க."

"அடிடீங்கறேன்!"

அவள் அடித்தாள். கண்ணையன் பிடுங்கிப் பார்த்தார். "நாலு. ஆங், சரி." அவர் கையாலேயே அனுப்பினார்.

கார் போனதும் வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள். மாரியாத்தா, அந்தப் பையனுக்குப் புரியணுமே! அவசரத்தில் சைபரைக் கவனிக்காமல் கிளம்பி வந்துவிட்டால்? உள்ளே மகள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனாள்.

பொழுது சாயும்போது கார் திரும்பியது. சாக்கு பிரிக்கப்படவே இல்லை. அதைக் கண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"ஒரே பேஜாரு! வரவே இல்ல அந்தப் பய" என்று திட்டிக்கொண்டே கண்ணையன் போனைத் திறந்தார். பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. மெதுவாக நிமிர்ந்தார். "முன்னாடி எதுக்குடி சைபர் போட்ட?"

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இந்த ஊமை ஓர் உயிரைக் காத்துவிட்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தது.

"முன்னாடி நின்னா அதுக்கு மதிப்பு இல்லன்னு நீங்கதானேங்க சொன்னீங்க."

பளாரென்று அறை விழுந்தது. அவள் அழவில்லை. மகளின் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.