தொண்ணூற்று மூன்றாம் நிமிடத்துக்கு ஓர் இருக்கை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. போன திங்கட்கிழமை மூக்குக்கண்ணாடியின் காலை உடைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்யப் போன இடத்தில் கிடைத்தது. கண்ணாடிக்கு நான்கு நிமிடம் ஆனது. கதைக்கு ஒன்றரை மணி நேரம். நான் பேரம் பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன். நாம் கேட்காமலேயே கடைக்காரர் ஒரு சரக்கை எடுத்து விரித்தால், ஒன்று அது விற்காத சரக்காக இருக்கும், இல்லையென்றால் விற்க அவருக்கே மனசு வராத சரக்காக இருக்கும். இது எந்த வகை என்று முடிவு தெரிந்தால்தான் சொல்ல முடியும். முடிவு ஞாயிற்றுக்கிழமை மாலை. இன்று வியாழன்.

ஆகவே வாசகரே, முடிவில்லாத ஒரு கதையைத்தான் உங்கள் முன் விரிக்கிறேன். பிடிக்கவில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். ஆனால் பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் கதையே.

2

போட்டுப் பார்த்த தொடக்கங்கள்:

அன்று வானம் கறுத்து, தூரத்தில் —

(இல்லை. வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. விசாரித்துவிட்டேன்.)

மூன்றாம் டிவிஷன் கால்பந்தில் தோல்வி என்பது வெறும் தோல்வியல்ல, அது ஒரு மனித —

(இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. உங்களுக்கு வராமலா இருக்கும்?)

கண்ணாடிக்கடை அக்கா பதினான்கு மாதமாகத் தன் போனில் ஒரே படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

3

படத்தில் ஓர் ஆட்டக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மைதானத்தின் மூலைக்கு ஓடி வருகிறார். கோல் போட்ட முகம். அவர் எதிரே மூன்று வரிசை பெஞ்சு. மூன்றிலும் ஆள் இல்லை. நடு பெஞ்சின் ஓரத்தில் ஒரு பிளாஸ்க் மூடி மட்டும் இருக்கிறது.

[முதல் பிரதியில் இங்கே ஒரு மஞ்சள் குடை வைத்திருந்தேன், எடுப்பாக இருக்குமே என்று. அக்கா படித்துவிட்டு, "குடை ஏது சார் இங்க? அது என் பிளாஸ்க் மூடி. பதினாலு மாசமா டீயை டம்ளர்ல ஊத்திக் குடிக்கிறேன், நீங்க குடைங்கிறீங்க" என்றார். குடையை மடக்கிவிட்டேன்.]

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடை முதல் மாடியில், இருபத்தெட்டுப் படி. சுவரில் கண் சோதிக்கும் எழுத்து அட்டை, பக்கத்தில் அணியின் படம். அந்த அணியில் எல்லோரும் வாரமெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு ஞாயிறு மட்டும் ஆடுகிறவர்கள். வெளியூர் மைதானத்தில் அவர்கள் ஜெயித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் பதினான்கு இருக்கை வேன் ஒன்று போகும். ஓட்டுவது அக்காவின் கொழுந்தன். ஆள் சேர்ப்பது, கொடி மடிப்பது, எப்போது கிளம்புவது என்று முடிவெடுப்பது எல்லாம் அக்கா.

சிக்கல் அந்தக் கடைசி அதிகாரத்தில்தான்.

படத்தில் இருக்கும் அந்த வெளியூர் மைதானத்தை ஒட்டி ரயில் பாதை. ஐந்து ஐம்பதுக்கு கேட் விழும். விழுந்தால் இருபது நிமிடம் அசைய முடியாது. கொழுந்தனோ ஏழரைக்கு ஃபேக்டரி வாசலில் வேனோடு நிற்க வேண்டும், ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்ற. ஒன்றரை மணி நேரப் பயணம். அதனால் அன்று, ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, எண்பத்தேழாவது நிமிடத்தில் அக்கா எழுந்தார். "கிளம்புங்க, கிளம்புங்க. கேட் விழுந்துடும்." எல்லோரும் எழுந்தார்கள். வேன் கேட்டைத் தாண்டும்போது அக்கா ஜன்னலில் காதை வைத்துக் கேட்டார். மைதானத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"நல்லவேளை, இன்னொரு கோல் வாங்கல" என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு போனுக்கு அந்தப் படம் வந்தபோதுதான் தெரிந்தது, ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. தொண்ணூற்று மூன்றாவது நிமிடத்தில் கோல்.

யோசித்துப் பாருங்கள். வெளியூரில் நம் ஆள் கோல் போட்டால் கத்துவதற்கு நம்மை விட்டால் வேறு ஆள் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் வாயடைத்துப் போவார்கள். நாம் வேனில் இருந்தால், அந்தக் கோலுக்குச் சத்தமே இல்லை. அக்கா ஜன்னலில் காது வைத்துக் கேட்ட அந்த அமைதிதான் கோல்.

4

கோல் போட்டவர் ஒரு பிளம்பர். போன வாரம் அவரே அக்காவின் கடைக்குப் படியேறி வந்தார். முப்பத்தாறு வயது. குழாயில் பொறித்த அளவைப் படிக்க முடியவில்லை, கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்றார்.

"எப்போலேருந்து இப்படி?" என்று அக்கா கேட்டார்.

"தெரியலக்கா. போன வருஷம் அந்த ரயில்வே கேட் மேட்ச்ல கோல் போட்டுட்டு ஓடி வந்தேன், பெஞ்சுல ஒருத்தர்கூடத் தெரியல. அப்பவே கண்ணு போயிருக்கும்போல."

அக்காவின் கையிலிருந்த லென்ஸ் நழுவி மேசையில் உருண்டது. அவர் அதை எடுத்துத் துடைத்தார். "கீழ் வரியைப் படி" என்றார்.

படித்துவிட்டு அவர் சொன்னது இது: முட்டி ஒத்துழைக்கவில்லை, இந்த சீசனோடு சரி. கடைசி வெளியூர் ஆட்டம் வருகிற ஞாயிறு, அதே மைதானத்தில். கோச் அவரை மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் வைத்து, கடைசிப் பத்து நிமிடம் இறக்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசிப் பத்து நிமிடம். வேன் எப்போதும் கிளம்பும் நேரம்.

இந்த பிளம்பர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ரொம்ப நல்லவராக இருக்கிறார். கதையில் நல்லவர்கள் சீக்கிரம் விலைபோக மாட்டார்கள். கொஞ்சம் கோபப்படட்டுமே என்று இன்னொரு மாதிரி எழுதிப் பார்த்தேன்:

பிளம்பர் ஆவேசமாக எழுந்து நாற்காலியை எட்டி உதைத்து —

அந்த முட்டியோடா? அவரை மறுபடி உட்காரவைத்துவிட்டேன்.

5

செவ்வாய்க்கிழமை அக்கா கொழுந்தனிடம் போனார். அவன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். இங்கே நான் இல்லை. அக்கா சொன்னபடி எழுதுகிறேன். கொழுந்தன் சொல்லும் கதையில் அவன்தான் ஜெயிக்கிறான்.

"ஞாயித்துக்கிழமை விசில் ஊதற வரைக்கும் இருக்கோம்" என்றார் அக்கா.

"எண்பத்தஞ்சு, அண்ணி."

"விசில்."

"சரி, எண்பத்தேழு. போன தடவை குடுத்தேன்ல."

"போன தடவை குடுத்த லட்சணம்தான் தெரிஞ்சுதே. விசில்."

"விசில் எப்ப ஊதுவான்னு ஊதறவனுக்கே தெரியாது. ஃபேக்டரி வாசல்ல நிக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? தொண்ணூறு. அதுக்கு மேல ஒரு செகண்ட் கிடையாது. என் பொண்டாட்டி மேல சத்தியம்."

"அவளை ஏன் இழுக்கறே? பாவம், அவ வீட்டுல நிம்மதியா இருக்கா."

அவன் தொண்ணூற்றில் நின்றான். அக்கா தொண்ணூற்று மூன்றில் நின்றார். நான் வளர்ந்த தெருவில் இரண்டு பேருக்கு நடுவே இடைவெளி மூன்று ஆகிவிட்டால், யாராவது ஒருவர் கடையை விட்டு இறங்குகிற மாதிரி பாவனை செய்வார். அக்காவும் இறங்கினார். பத்தடி போய்த் திரும்பினார்.

"கொழுந்தனாரே, வண்டியை ஏன் கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தறீங்க?"

மரியாதை ஏறியதும் அவன் உஷாரானான். "மைதானம் அங்கதானே அண்ணி இருக்கு?"

"நம்ம வீடு இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"அங்க மரத்தடி. நிழல்."

"இந்தப் பக்கமே நிறுத்து. நடக்கறவங்களுக்குப் பாலம் இருக்கு. கேட் விழுந்தா ரயிலுக்கு என்ன, நமக்கென்ன? நாங்க பாலம் ஏறி வந்துடறோம். உனக்கு நிழல் வேணுமா, கோல் வேணுமா?"

அவன் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"நம்ம கூட்டத்துல பாதிப் பேருக்கு முட்டி கிடையாது அண்ணி. பாலம் எப்படி ஏறுவாங்க?"

"அதை என்கிட்ட விடு."

"சரி. ஆறு மணி. ஆறு அடிச்சா நான் இல்ல."

[பதினோரு வருடமாக அந்த மரத்தடியில்தான் வேன் நிற்கிறது. வண்டியை இந்தப் பக்கம் நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூளை இல்லாமல் இல்லை, அந்தக் கூட்டத்தில் கணக்கு வாத்தியார் ஒருவரே இருக்கிறார். கடைசி மூன்று நிமிடத்தில் நமக்கு நல்லது நடக்கும் என்று நம்புகிறவனுக்குத்தான் வண்டியை வேறு இடத்தில் நிறுத்தத் தோன்றும்.]

அன்றைக்கே எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஒட்டப்பட்டது. இருபத்தெட்டுப் படியையும் நிற்காமல் ஏறி வருகிறவர்தான் பெயர் எழுதலாம். கீழே பூட்டுக்கடை வைத்திருப்பவர் முதல் நாள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். "நாளைக்கு வாங்க" என்று அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். புதன்கிழமை அவர் நிற்காமல் ஏறிவந்து, பெயரை எழுதிவிட்டு, அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

6

இன்று காலை நான் அங்கே இருந்தேன். கண்ணாடியின் திருகாணியை நானே தளர்த்திக்கொண்டு போனேன், ஒரு சாக்கு வேண்டாமா? பிளம்பர் தன் கண்ணாடியை வாங்க வந்திருந்தார். அக்கா அதை அவர் மூக்கில் வைத்து, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். அந்த நிலையில் எதிரே இருப்பவர் எழுந்து ஓட முடியாது. உண்மையைச் சொல்ல நல்ல நேரம்.

"அன்னைக்கு எல்லாரையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போனது நான்தான்ப்பா."

"தெரியும்க்கா."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எண்பத்தேழுல நான்தானே கார்னர் எடுக்க வந்தேன். நீங்க கொடியை மடிச்சுட்டு இருந்தீங்க. நாலா மடிச்சீங்க."

அக்காவின் கை நின்றுவிட்டது.

"நாங்க போயிட்டோம்னு தெரிஞ்சேவா அந்தப் பக்கம் ஓடி வந்தே?"

"வேற எங்கக்கா ஓடறது? மத்த மூணு பக்கமும் அவங்க ஆளுங்க."

அக்கா கம்பியை மறுபடி வளைக்கத் தொடங்கினார்.

"அப்போ போன வாரம் கண்ணு போச்சுன்னு சொன்னது?"

"பதினாலு மாசம் கழிச்சாவது உங்களை ஒரு வாட்டி கிள்ள வேணாமா? ... ஆ, காது வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும்."

பிறகு அக்கா வேன் விஷயத்தைச் சொன்னார். பிளம்பர் புதுக் கண்ணாடி வழியாக அவரை உற்றுப் பார்த்தார். "பதினோரு வருஷமா இது ஒருத்தருக்கும் —"

"வாயை மூடிட்டுக் கீழ் வரியைப் படி" என்றார் அக்கா.

அவர் கீழ் வரியைப் படித்தார். பக்கத்திலிருந்த பெயர்ப் பட்டியலையும், கேட்காமலேயே, ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தார்.

7

இனி முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: எண்பதில் பிளம்பர் இறங்குகிறார், தொண்ணூற்று மூன்றில் கோல், மூன்று பெஞ்சும் எழுந்து ஆடுகிறது. பளபளப்பான சரக்கு. ஒரு தண்ணீருக்குச் சாயம் போய்விடும்.

இரண்டு: நான்கு கோல் வாங்குகிறோம், கோச் வாக்கு மாறுகிறார், பிளம்பர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். இதை எழுதினால் என்னை முதிர்ச்சியான எழுத்தாளன் என்பார்கள். ஆனால் பூட்டுக்கடைக்காரர் இருபத்தெட்டுப் படி ஏறியது இதற்குத்தானா?

மூன்று: அடைமழை, ஆட்டம் ரத்து. இதை எழுதுகிறவனை நீங்கள் அடிக்கலாம்.

எதையும் நான் எடுக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையை வியாழக்கிழமையே விற்கிறவனை எங்கள் தெருவில் வேறு பெயரால் அழைப்பார்கள். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. வேன் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. அதற்கு மேல் எனக்கு அத்தாட்சி வேண்டாம்.

8

நான் கிளம்பும்போது அக்கா கேட்டார், "பன்னிரண்டு பேர் ஆச்சு. நீங்க எப்படி? படி ஏறினப்போ மூச்சு வாங்கிச்சா?"

"இல்லை" என்றேன். பொய். ஆனாலும் பதின்மூன்றாவதாக எழுதிக்கொண்டேன்.

ஓர் இருக்கை பாக்கி. அதை உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன், ஜன்னலோரம். ஞாயிறு இரண்டு மணிக்குப் பூட்டுக்கடை வாசலில் வேன் நிற்கும். கொடி அக்காவிடம் இருக்கும். யார் கேட்டாலும் விசில் வரை அதை மடிக்கக் கூடாது என்பது இந்த வாரம் போட்ட சட்டம். நடு பெஞ்சில் உட்கார்ந்தால் கீழே கொஞ்சம் தேடிப் பாருங்கள், பிளாஸ்க் மூடி இருந்தாலும் இருக்கும்.

கோல் விழுமா என்று என்னைக் கேட்காதீர்கள். விழுந்தால் அவர் எந்த மூலைக்கு ஓடி வருவார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும்.

அங்கே இருங்கள்.