கணபதி பாத்திரம் மட்டும்தான் சொல்வார்

என் கணவர் ஸ்ரீகண்டன் பொய் சொல்லமாட்டார். சொல்லியே ஆகவேண்டும் என்றால் பழவங்காடி கணபதியை முன்னால் நிறுத்திவிட்டு, தான் பின்னால் ஒளிந்துகொள்வார்.

பழவங்காடியில் கோயிலைத் தாண்டிய சந்தில் எங்கள் கடை. கரமனையில் ஆற்றுப் பக்கம் பட்டறை. ஹோட்டல்களுக்கும் ஹாஸ்டல்களுக்கும் வேண்டிய பெரிய பாத்திரங்களும் இட்லி ஸ்டீமர்களும் செய்து கொடுத்தோம். ஸ்டீமர் மூடியில் இவர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். திறந்தால் ஆவி சமையல்காரர் முகத்தில் அடிக்காது, சுவர்ப் பக்கம் போகும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கேட்கத்தான் ஆள் குறைந்துபோனது.

சத்தியதாஸ் மட்டும் தவறாமல் வருவார். பாறசாலைக்காரர், ஞாயிறு ஆனால் சர்ச். எங்களுடைய அதே வியாபாரம்தான், ஆனால் பெரிய ஷோரூம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் செலவில் சாயா குடித்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்.

"சாமீ, பட்டறய என்ட்ட தாரும். நீரும் கூட வாரும். ஏசி ரூம்ல மானேஜரா இருக்கலாம்."

"ஏசி எனக்குச் சேராது ஓய். மூக்கு ஒழுகும்."

"ஒழுகட்டும். இப்பம் உமக்க கடையே ஒழுகிட்டுல்லா கெடக்கு?"

இவரும் சிரிப்பார். அவர் போன பிறகு ராத்திரி சாப்பாடு இறங்காது. ஓணத்துக்குள் பெரிய ஆர்டர் ஒன்று வராவிட்டால் சத்தியதாஸிடம் போவதைத் தவிர வழியில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய ஏசி அறையில், அவர் மணியடித்தால் எழுந்து போகும் ஆளாக இவரை நினைத்துப் பார்க்க எனக்கே முடியவில்லை.

பெங்களூரில் மார்க்கெட்டிங் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஜானவிதான் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்தச் சித்திரையில் அதோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டு, ஃபோனில் விளக்கினாள்.

"அப்பா, யார் நம்ம சைட்டைப் பார்த்தாலும் அவா நெட் லைனுக்கு ஒரு ஐபி அட்ரஸ் உண்டு. ஒரு நம்பர். அதை வச்சு அது எந்தக் கம்பெனி லைன்னு இது கண்டுபிடிச்சுச் சொல்லும். எந்தப் பக்கத்தைப் பார்த்தா, எவ்ளோ நேரம் பார்த்தான்னும் சொல்லும்."

"ஆள் பேர் சொல்லுமோ?"

"சொல்லாது. கட்டிடத்தோட பேர்னு வச்சுக்கோங்கோ. மொபைல் டேட்டால பார்த்தா ஃபோன் கம்பெனி பேர்தான் வரும். பெரிய ஆபீஸ், காலேஜ்னு சொந்தமா லைன் வச்சிருந்தா மாட்டிப்பா."

"மாட்டிப்பாளா! பேஷ்."

"அப்பா, கூப்பிட்டு 'நீங்க எங்க சைட்டைப் பார்த்தேளே'ன்னு மட்டும் சொல்லிடாதீங்கோ. வேவு பாக்கறோம்னு பயந்துடுவா. பொதுவா ஏதாவது பேசுங்கோ."

பொதுவாகப் பேச இவருக்கு வராது. ஆனால் தினமும் கடை திறக்கும் முன் கணபதிக்கு ஒரு தேங்காய் உடைப்பது வழக்கம். தேங்காய் சிதறும்; கடைக்கு வருவார்; கம்ப்யூட்டரைத் திறப்பார்; ஒரு கட்டிடத்தின் பெயர் தெரியும். அங்கே ஃபோன் போட்டு, "காலம்பற பழவங்காடியில தேங்காய் உடைச்சேன், உங்க நினைப்பு வந்தது" என்பார். இதில் எந்த வார்த்தை பொய் என்று என்னிடம் சவால் விடுவார். நடுவில் கம்ப்யூட்டரை விட்டுவிட்டீர்களே என்றால், "கணபதி எதையும் வாகனமா வச்சுப்பார். எலி போறலைன்னா மௌஸ்" என்பார்.

முதலில் சிக்கியது ஒரு வங்கி அலுவலகம். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மலையாளத்தில் சொன்னாராம்: "ஸ்வாமி, இவிடெ லோனாணு கொடுக்குந்நது, இட்லி அல்லா."

"யாரோ குமாஸ்தா வீட்டு விசேஷத்துக்கு அண்டா பார்த்திருப்பான்," என்றேன் நான். "கட்டிடமா இட்லி திங்கும்?"

"போகட்டும் கௌசு. கணபதிக்கும் சில நாள் கை தவறும்."

அடுத்த வாரம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயர் வந்தது. தினமும் மத்தியானம், ஸ்டீமர் பக்கம் ஒன்றையே, அதுவும் அந்த மூடி படத்தையும் விலையையும் நெடுநேரம் பார்த்தது. இவருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் தேங்காய் உடைத்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டார். கொள்முதல் அதிகாரி பிந்து என்றொரு பெண். மார்த்தாண்டத்துக்காரி என்பதால் பேச்சு தமிழிலேயே நடந்தது. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"மேடம், காலம்பற பழவங்காடியில தேங்காய் உடைச்சேன். உடனே உங்க கேன்டீன் மனசுல வந்தது. இட்லிக்கு ஏதாவது தடங்கல் உண்டோன்னு ஒரு தோணல்."

 அந்தப் பக்கத்துக் குரல் தணிந்து வந்தது.

"சாமி, ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லலை."

"ஸ்டீமருக்க அடி ஓட்டையாகி தண்ணி ஒழுகுது. இப்பந்தான் கேன்டீன்ல இருந்து வந்து சொன்னாவ. நான் இன்னும் ஆர்ட்டயும் வாயே தொறக்கல்ல!"

இவர் என்னைப் பார்த்தார். நானும் இவரைப் பார்த்தேன். இப்போதுதான் தெரிந்தது என்றால், இத்தனை நாள் தினமும் பார்த்தது இவள் இல்லையே? இவர் கையசைத்து என் கேள்வியைத் தள்ளிவிட்டார். கேன்டீன்காரன் பார்த்திருப்பான் என்பது அந்தக் கையசைப்பின் பொருள்.

"சாமி, இன்னொரு காரியம் கூட," பிந்து விடவில்லை. "எனக்க தம்பி கனடாக்கு விசா போட்டிருக்கான். கெடைக்குமா?"

வியர்த்துப்போனார். "மேடம், கணபதி எனக்குப் பாத்திரம் மட்டும்தான் சொல்வார். விசாவெல்லாம் அவர் வேற ஆள்கிட்ட சொல்றார்."

அன்றே போய்க் கேன்டீனை அளந்தார். சமையல்காரரிடம் மூடியைத் திறந்து மூடிக் காட்டினார். கைகளில் ஆவி பட்ட தழும்பு இருந்த அந்த மனிதர், "இது போதும்" என்றாராம். ஆஸ்பத்திரி முறைப்படி இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்டார்கள். அதில் ஒன்று சத்தியதாஸ். அவர் விலை எங்கள் விலையைவிடக் குறைவுதான். ஆனால் மூடி சாதாரண மூடி. ஓணத்துக்கு முன்பே ஆர்டர் எங்களுக்கு வந்துவிட்டது. பட்டறையில் மறுபடி வெல்டிங் சத்தம். அன்று ராத்திரி இவர் மூன்றாம் தரம் ரசம் கேட்டார்.

சத்தியதாஸ் மட்டும் கடைக்கு வந்து, சாயாவைத் தொடாமல் கேட்டார்: "சாமீ, உள்ளது சொல்லும். ஆஸ்பத்திரில உமக்கு ஆரு ஆளு?"

"பழவங்காடியில இருக்கார். போய்ப் பாரும்."

துலாம் மாதம், ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், இவர் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவரே வந்து, "இதையெல்லாம் யார் படிப்பா?" என்று கேட்பார்.

காரியங்கள் முடிந்து கொஞ்ச நாள் கழித்து சத்தியதாஸ் வீட்டுக்கு வந்தார். நல்ல ஏத்தங்காய் வறுவல் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார்.  வருத்தம் உண்மையானது. அதற்குப் பின்னாலேயே பழைய கேள்வியும் நின்றுகொண்டிருந்தது.

"மாமி, ஒத்தைக்கு எப்படி பாப்பிய? பட்டறய எனக்கு விட்டுத் தாருங்க. பேரு சாமிக்க பேரே இருக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"சாமி பெரிய கள்ளன் மாமி. அந்த ஆஸ்பத்திரி ஆர்டர் எனக்கு வரவேண்டியது. எனக்க பெஞ்சாதி ராகேலுக்குக் கால்முட்டு ஆபரேஷன் அங்கதான். கேன்டீன்ல இட்லி வேகாம வருது. ஸ்டீமர் போச்சுன்னு எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சு. வெளிய பெஞ்சுல இருந்து, ஆஸ்பத்திரிக்க வைஃபை ஓசி இல்லியா, நாள்தோறும் உங்க சைட்டத் தொறந்து விலைய நோக்கி, அதுக்குக் கொறச்சு எழுதி வச்சிட்டுருந்தேன். கொண்டு கொடுக்கப் போனா, அதுக்கு முன்ன சாமி அங்க நிக்காரு! எப்படி?"

வாயில் இருந்த வறுவலை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டேன். மென்றால் சிரித்துவிடுவேன். கட்டிடம் சரி; ஆள்தான் வேறு. எங்களுக்கு அந்த ஆர்டரைக் கொண்டுவந்து கொடுத்தது சத்தியதாஸின் விரல். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இதைக் கேட்டுச் சிரிக்க அவரல்லவா வேண்டும்?

"நாளைக்குக் கடைக்கு வாங்கோ," என்றேன். "பதில் சொல்றேன்."

மறுநாள் காலை நானே போய்த் தேங்காய் உடைத்தேன். என் கைக்கு இரண்டாவது அடியில்தான் சிதறியது. கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன். சத்தியதாஸின் ஷோரூமுக்குச் சொந்த லைன் உண்டு; அதன் பெயர் திரையில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டிலிருந்து நேரே அங்கேதான் போயிருக்கிறார். மூடி படம், பிறகு பட்டறை படம், மறுபடி மூடி.

வந்தவருக்குச் சாயா கொடுத்தேன்.

"காலம்பற பழவங்காடியில தேங்காய் உடைச்சேன்," என்றேன். "உங்க நினைப்பு வந்தது. நேத்து சாயங்காலம் பட்டறையை விட அந்த மூடிமேலதான் உங்களுக்குக் கண்ணு. இல்லையா?"

தம்ளர் பாதி வழியில் நின்றது.

"மாமிக்கும் கணபதி சொல்லுமோ?"

"இந்தக் கடையில யார் உக்காந்தாலும் சொல்வார் போல இருக்கு. பட்டறை விற்கிறதுக்கில்லை. உங்களுக்கு வேணும்னா மூடி செஞ்சு தரோம். எங்க பேர் போட்டு வித்துக்கோங்கோ."

 சாயாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஷோரூமுக்கு எத்தனை மூடி வேண்டும் என்று மறுநாள் சொல்வதாகச் சொல்லி எழுந்தார். படியிறங்கியவர் திரும்பி வந்தார். சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"மாமி, எனக்க மகன் விஜினுக்குப் பெண்ணு நோக்கிட்டுருக்கோம். ஒரு தேங்காய்க்கு உண்டான காசு நான் தாறேன். ராகேல் மட்டும் அறியண்டாம்."

"பாத்திரம் மட்டும்தான் சொல்வார், அண்ணாச்சி," என்றேன்.