முதல் நாற்காலியும் இடது காலும்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சத்தியம். வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் தயார்; பெரிய எழுத்துப் பதிப்பானாலும் சரிதான். நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம். பாவம் அவர்களைச் சேரும்.

பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார். ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு அது. ஆண்டவர் கழுவியது நாளெல்லாம் புழுதியில் நடந்த கால்களை. இந்தக் கோயிலில் அந்த நாற்காலிகளில் உட்கார வேண்டுமென்றால் காரிலிருந்து இறங்கும் கால் வேண்டும். முதல் நாற்காலி பேதுருவுடையது. பேதுரு மீன் பிடித்தவர். இந்தக் கோயிலின் பேதுருவோ குழாய், வாஷ்பேசின், கழிப்பறைச் சாமான் விற்கும் கடைக்காரர். பீடத்தைச் சுற்றி டைல்ஸ் பதித்துக் கொடுத்த நாளிலிருந்து அந்த நாற்காலி அவருக்குத்தான். கால் கழுவும் பேசினும் அவர் உபயம். அதில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை உரிக்க மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவர் கடையை மூடுவதில்லை. ஈஸ்டருக்குத் தூங்குவார். ஆனால் பெரிய வியாழன் என்றால் உயிர். காரணம், இரண்டாம் நாற்காலி. அதில் உட்காருகிறவன் அவர் மனைவியின் தம்பி, சவப்பெட்டிக் கடைக்காரன். ஒரு நாற்காலி நகர்ந்து உட்கார அவன் வருடம் முழுவதும் தவம் கிடந்தான்.

"மச்சான், உங்களுக்கு முதுகு வலின்னு அக்கா சொன்னா. இந்த வருஷம் வீட்ல படுத்துக்கங்களேன். முன்னாடி நான் உக்காந்துக்கறேன்."

"நான் பெட்டிக்குள்ள போனப்புறம் உக்காரு மாப்ளே. பெட்டியும் உன்கிட்டதானே வாங்கப்போறாங்க. ரெண்டு வியாபாரமும் ஒண்ணா முடிஞ்சுடும்."

வியாழன் காலையில் கடைக்காரர் அழகு நிலையத்துக்குப் போய் வலது காலை நீட்டினார். அங்கிருந்த பெண் இடது காலையும் கேட்டாள்.

"அது வேணாம்மா. சாமியார் வலது கால மட்டும்தான் கழுவுவாரு."

"அதான் சாமியார் கழுவப்போறாரே சார், அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"அழுக்கு காலையா கோயில்ல காட்டச் சொல்ற? நல்லா தேய்ம்மா."

அவள் தேய்த்தாள். குதிகாலின் வெடிப்புகள் மூடின. மதியத்துக்குள் அந்தக் குதிகாலில் முகம் பார்த்து அவள் பொட்டைச் சரிசெய்துகொண்டாள் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். இடது கால் ஷூவுக்குள்ளேயே இருந்தது. வருடக்கணக்காக அதன் கதி அதுதான். கடையின் ஈரத்தில் ஊறி, ஊறிய சாக்ஸிலேயே காய்ந்து, அது தனக்கென்று ஒரு தட்பவெப்பத்தையே வைத்திருந்தது.

மனைவி வீட்டிலேயே சொன்னாள். "அந்தக் காலையும் ஒரு தண்ணியில அலசிட்டுப் போங்களேன்."

"யாரு பாக்கப்போறா?"

"ஆண்டவரு பாப்பாரு."

"அவரு பாத்தா பரவால்ல. உன் தம்பி பாக்காம இருந்தா சரி."

பூசை தொடங்கியது. சாமியார் புதிது, வெளியே போய்ப் பெரிய படிப்புப் படித்து வந்தவர். பிரசங்க மேடையில் ஏறியவர், "இன்றைய விசுவாசிக்குப் பெரிய வியாழனின் அர்த்தம் என்ன?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவரே சொல்லத் தொடங்கினார். தாழ்மை என்றார், சேவை என்றார், அர்த்தத்தின் அர்த்தம் என்றார். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டதில் தாடை பூட்டிக்கொண்டது. அர்த்தம் முடிந்த பிறகுதான் திறந்தது.

கடைசியில் சாமியார் குரலை உயர்த்தினார். "ஆண்டவர் நம்மைப் பாதியாகவா நேசித்தார்? இந்த வருடம் இரண்டு கால்களையும் கழுவப்போகிறோம்!"

பன்னிரண்டு நாற்காலிகளும் ஒன்றாகக் கிறீச்சிட்டன. பன்னிரண்டு இடது கால்கள் நாற்காலிக்கு அடியில் பின்வாங்கின. அழகு நிலையத்தை அறிந்தவர் கடைக்காரர் ஒருவர் மட்டுமல்ல என்பது அப்போது வெளிப்பட்டது.

சாமியார் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் முன் மண்டியிட்டார். வலது கால் முடிந்தது. இடது ஷூவைத் தொட்டார்.

"வேணாம் சாமி!" கடைக்காரர் அலறிவிட்டார். "என் காலைக் கழுவாதீங்க!"

கோயில் உருகிப்போனது. அன்றைக்குப் பேதுருவும் இப்படித்தானே மறுத்தார்! பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாடகர் குழுவில் ஒருவர் விம்மினார். இவ்வளவு தாழ்மையை அவர்கள் குழாய்க் கடையில் எதிர்பார்த்ததில்லை.

மைத்துனன் மட்டும் உருகவில்லை. காதோடு சொன்னான்: "பிடிக்கலேன்னா எந்திரிச்சு இங்க வந்துடுங்க மச்சான். ஒண்ணும் அவமானமில்ல."

கடைக்காரர் அவனைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். பிறகு, சிலுவைக்குக் கையை விரிக்கிறவரைப் போல, இடது காலை நீட்டினார்.

சாக்ஸ் தானாக வரவில்லை, உரித்தார்கள். அடுத்து நடந்ததைக் குறைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மெழுகுவத்திச் சுடர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. தூபம் தோற்று மேலே போய்விட்டது. ஊதாத் துணி போர்த்தியிருந்த சூசையப்பர் சொரூபம், துணிக்குள்ளேயே, குழந்தையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டது வெளியே தெரிந்தது. பேசின் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் தானே கழன்று விழுந்தது. முன்வரிசையில் மயங்கியவர்களை, பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதென்று மற்றவர்கள் கும்பிட்டார்கள்.

கழுவிய காலைச் சாமியார் முத்தமிட வேண்டும். அதுதான் முறை. அவர் குனிந்தார். நின்றார். அந்தக் கட்டைவிரல் நகத்தை நேருக்கு நேர் பார்த்தார். தன் விரல் நுனியை முத்தமிட்டு, காலின் பக்கமாகக் காற்றில் விட்டார். பிறகு எழுந்து, "அர்த்தம் என்பது அடையாளத்தில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு வலது காலே போதும்" என்று அறிவித்தார். மேடையில் ஏறிய அர்த்தம் முதல் நாற்காலியைத் தாண்டவில்லை.

இப்போது கொதித்தவன் மைத்துனன். "அது எப்படி சாமி? அவருக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா? என் காலுக்கு என்ன குறைச்சல்?"

"உக்காருங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"மெதுவா மாப்ளே," என்றார் கடைக்காரர், ஈரக்காலை ஆட்டியபடி. "கோயில்ல கோவப்படலாமா?"

பூசை முடிந்ததும் வாசலில் ஆள் ஆளாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படியொரு அர்த்தமுள்ள வியாழனைத் தங்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு. வீட்டில் மனைவி கேட்டாள்: "அவமானமா இல்லியா உங்களுக்கு?"

"எதுக்கு அவமானம்? ஆண்டவர் பாடுபட்டாரு, நானும் பட்டேன். உன் தம்பிதான் ரெண்டாவது நாற்காலியிலேயே கிடக்கறான், பாவம்."