தோட்டாவுக்கு ஒரு தையல்

புதுத் துப்பாக்கியை முதன்முதலாகச் சுட்டுப் பார்த்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அதைக் கண்டுபிடித்தவரின் வீட்டில் தையல் மிஷின் தானாக முப்பது தையல் போட்டது. மிதிக்க ஆள் இல்லை. அவர் மனைவி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது தோட்டாவில் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று சாயங்காலம் அவர் பெருமையாகச் சொன்னபோது, தலையணை உறையின் ஓரத்தை அவர் முன்னால் விரித்துக் காட்டினாள். அவர் எண்ணிப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் கோணலா ஓடியிருக்கு, அவ்வளவுதான்” என்றார்.

தெருவில் அவருக்கு மிஷின்காரர் என்று பெயர். துப்பாக்கித் தொழிற்சாலையில் சேருமுன் பதினெட்டு வருடம் தையல் மிஷின் பழுது பார்த்தவர். ஊசி மேலே போகும் நேரத்தில் துணியை இம்மியளவு முன்னால் தள்ளுகிறதே, அடியில் இருக்கும் அந்தச் சின்னப் பல், அது அடுத்த தோட்டாவையும் தள்ளும் என்று அவருக்குத்தான் தோன்றியது. அவசரத்தில் மனைவியின் மிஷினிலிருந்தே பல்லைக் கழற்றினார். “ரெண்டு நாள்ல தந்துடறேன்” என்று சொல்லி, தகரத்தில் ஒன்றை அராவி அந்த இடத்தில் மாட்டினார். கோணல் அந்தத் தகரத்தால் வந்தது. கழற்றிய பல்லை வைத்துத் தொழிற்சாலையில் அச்சு எடுத்தார்கள். முதல் வருடம் நாற்பதாயிரம் துப்பாக்கி வெளியே போயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் மிஷின் ஓய்ந்த நாட்கள் குறைவு.

துணி வைக்காவிட்டால் ஊசி ஒடிந்தது. ஒடிந்த ஊசியும் நிற்காமல் தகட்டைக் குத்தியது; அந்தச் சத்தத்தில் வீட்டில் உட்கார முடியவில்லை. ஆகவே அவள் கந்தல் கொடுத்துவந்தாள். கொஞ்ச நாளில் தையலைப் படிக்கவும் பழகிவிட்டாள். மண்ணில் போன தோட்டாவின் தையல் இழுத்தால் பிரிந்துவரும். ஆள்மேல் பட்டது அடிப்பக்கம் முடிச்சாக விழும், கத்தரித்தாலும் அவிழாது. மனுஷர் உடுத்தும் எதையும் அந்த ஊசிக்கு அடியில் வைக்கக் கூடாது என்று முதல் முடிச்சைக் கண்ட அன்றே வீட்டில் சொல்லிவைத்தாள்.

ஏழாவது வருடம் போர் வந்தது. மகனுக்கு இருபது வயது. பட்டாளத்தில் சேரச் சொல்லி ஓலை வந்தது. அன்றைக்கு அவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, அவன் ரயில் ஏறுறதுக்குள்ள என் மிஷின் பல்லைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க.”

“அத வாங்கிட்டா போர் நின்னுடுமா?”

“அது எனக்குத் தெரியாது. ரெண்டு நாள்னு சொல்லிட்டுப் போனீங்க.”

போனார். தொழிற்சாலை முன்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், நீல வெல்வெட்டின்மேல் பல் இருந்தது. கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயர். மேலாளரே எழுந்து வந்து, “சொல்லுங்க சார், உங்களுக்கு இல்லாததா?” என்றார். மிஷின்காரர் தகட்டை இரண்டு தரம் படித்தார். “சும்மா, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று டீ குடித்துவிட்டுத் திரும்பினார். வீட்டில், “தர மாட்டேன்னுட்டாங்க” என்றார். மகன் சிரித்தான். “விடும்மா. அப்பா செஞ்ச துப்பாக்கி சிக்காது. அந்தத் தைரியம் போதும் எனக்கு.” எதிர்த் தரப்பும் அதே துப்பாக்கியைத்தான் வாங்கியிருந்தது. நல்ல சாமானை எல்லோரும்தானே வாங்குவார்கள்.

மூன்றாம் மாதம் மகன் லீவில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தான். மனைவி நூல்கண்டு வாங்கப் போயிருந்தாள். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. மகனுடைய கோடுபோட்ட சட்டையில் பை கிழிந்திருந்தது கண்ணில் பட்டது. சும்மா ஓடுகிற மிஷின்தானே என்று கந்தலை உருவிவிட்டுச் சட்டையை வைத்தார். மிஷின் சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு, இடது பைக்கு நேர் கீழே, ஒரே ஒரு தையல் போட்டு நின்றது. திருப்பிப் பார்த்தார். முடிச்சு.

அவள் வந்து சட்டையைக் கையில் வாங்கினாள். முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “அன்னிக்கு அவங்ககிட்ட கேட்டீங்களா, இல்லையா?”

“கேக்கல.”

ஒன்பதாம் நாள் தந்தி வந்தபோது அதை அவள் பிரிக்கவில்லை. அவரோடு பேசுவதையும் அந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் மிஷின்காரர் மறுபடி தொழிற்சாலைக்குப் போய்ப் பல்லைக் கேட்டார். “இதுக்கா இவ்வளவு தயக்கம்?” என்று மேலாளர் பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். பெட்டியில் வைக்க வேறொன்று செய்துகொள்வார்களாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, எண்ணெய் போட்டு மாட்டினார். மிஷின் நிற்கவில்லை. கோணல் மட்டும் போய்த் தையல் நேராக விழுந்தது.

அதன் பிறகு, உடுத்தும் துணியை வைக்கக் கூடாது என்ற தன் கட்டுப்பாட்டையும் அவள் விட்டுவிட்டாள். தெருவில் யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கினாள்: திரைச்சீலை, போர்வை, பிள்ளைகளின் யூனிஃபார்ம். நூல் மட்டும் அவர்கள் கொடுத்தால் போதும். சில வருடங்களில் அந்தத் தெருவில் வேறு தையல் போட்ட துணி உடுத்தியவர்களே இல்லை. முடிச்சுகள் உடம்பில் உறுத்துவதாக யாரும் சொன்னதில்லை. போர்நிறுத்தம் வந்த ஒரு வருடம் மட்டும் மூட்டைகள் கூரை தொடும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று சலித்துக்கொண்டாள்.

“என்னக்கா, எங்கயுமே சண்டை இல்லையா? திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது, யூனிஃபார்ம் அப்படியே கிடக்குதே.”

“வரும், பொறு” என்றாள் அவள்.

சனிக்கிழமை மத்தியானம் மிஷின் ஓட ஆரம்பித்தது. மிஷின்காரர் யூனிஃபார்மின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து, ஊசிக்கு நேராகப் பிடித்துக்கொடுத்தார்.