இருபத்தொன்பது அங்குலம்

உலகத்தில் உள்ள கோழைத்தனம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து நாடா வைத்து அளந்தால், அது சரியாக இருபத்தொன்பது அங்குலம் வரும் என்று பல்டாக்டர் சொன்னார். பிக்கப் வண்டிக்குக் கம்பெனிக்காரன் மாட்டி அனுப்புகிற டயரின் உயரம் அது. அந்த டயரைக் கழற்றி எறியாதவன் வாழ்க்கையில் வேறு எதையும் கழற்றியிருக்க மாட்டான் என்பது அவருடைய தீர்ப்பு. இதைச் சிரிக்காமல் சொல்வார். கேட்பவர்களும் சிரிக்க முடியாது. பெரும்பாலும் அவர்கள் நாற்காலியில் வாயைப் பிளந்து சாய்ந்திருப்பார்கள். உள்ளே டாக்டரின் கருவி ஓடிக்கொண்டிருக்கும்.

அவரிடம், தேவைப்பட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வயதான ஃபோர் வீல் பிக்கப் ஒன்று இருந்தது. அதே மாடல், அதே வயது வண்டி மனைவியின் அண்ணனிடமும் இருந்தது. மச்சான் கம்பெனி டயரையே தேயத் தேய வாங்கி மாட்டுகிற ரகம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பல்டாக்டர் அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மச்சான், இதைப் பொம்மைக் கடையில வாங்கினீங்களா?" என்று கேட்பார். மச்சான் டீயை ஊதிக்கொண்டே, "ஓடுது மாப்ள" என்பார். அதற்கு மேல் அந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

பல்டாக்டர் முப்பத்துமூன்று அங்குல டயர் மாட்டினார். வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நிற்கும்போது. நகர்ந்தால்தான் தொல்லை. மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் மூச்சுத் திணறி, ஒரு சைக்கிள் அவரை முந்திப் போனது. சைக்கிள்காரர் ஃபோன் பேசிக்கொண்டே மிதித்தார்.

வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவர் அடி வாங்கினால் மற்றவருக்கும் சேர்த்து விழும் அளவுக்கு நெருக்கம். மெக்கானிக் சுண்டுவிரலால் கிரீஸைத் துடைத்தபடி விளக்கினான். வண்டிக்கு அடியில் ஓடும் ஷாஃப்ட் நாலு சுற்றும் கொஞ்சமும் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சக்கரம் பெரிதானால் அந்த ஒரே சுற்றில் அதிக தூரத்தை விழுங்கப் பார்க்கும். எஞ்சினுக்கு அவ்வளவு வலு கிடையாது. ஷாஃப்ட் கிட்டத்தட்ட ஐந்து சுற்றுச் சுற்றும்படி அச்சுக்குள் இருக்கும் கியர் ஜோடியை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டினால், முன்னது ஒரு வேகத்துக்கு இழுக்கும், பின்னது இன்னொரு வேகத்துக்குத் தள்ளும், நடுவில் இருப்பது உடைந்து கொட்டும். இவ்வளவு பாடு வேண்டாமென்றால் பழைய டயரையே மாட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

பல்டாக்டர் அவனைப் பார்த்த பார்வை, சொத்தைப் பல்லைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு அச்சும் மாற்று என்றார்.

வண்டி திரும்பி வந்தபோது மேம்பாலத்தில் துள்ளி ஏறியது. மெக்கானிக் சாவியை அவர் கையில் வைத்து, "முடிஞ்சுதுடா" என்று சொல்லிவிட்டு, அவசரமாக இன்னொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். பல்டாக்டர் கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தி ஃபோர் வீல் லீவரை இழுத்துப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. திருப்தியாக லீவரைப் பழைய இடத்தில் தள்ளினார். அந்த வருஷம் முழுக்க அந்த லீவருக்குக் கிடைத்த வேலை அவ்வளவுதான். மற்றபடி வாரா வாரம் அதன் தலையைத் துணியால் துடைத்து வந்தார்.

அவர் மனைவி தேனீ வளர்த்தாள். ஊருக்கு வெளியே, மேட்டுச் சரிவில், ஓடை ஓரமாக அவளுடைய பெட்டிகள் வரிசை வரிசையாக இருந்தன. பல வருஷ உழைப்பு. ஒவ்வொரு கூட்டையும் குணம் தெரிந்து பிரித்து வளர்த்திருந்தாள். பெருமழை வருகிறது, ஓடை கரை தாண்டும் என்று அறிவிப்பு வந்ததும், வழக்கம்போல அண்ணனுக்கு ஃபோன் செய்யப் போனாள்.

பல்டாக்டருக்குச் சுருக்கென்றது. முப்பத்துமூன்று அங்குலம் வாசலில் நிற்கும்போது பொம்மை வண்டியைக் கூப்பிடுவதா? இந்தச் சரிவுக்காகத்தானே இத்தனையும் செய்தேன் என்று சத்தியம் செய்தார். அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஃபோனில், "நாங்களே பார்த்துக்கிறோம் அண்ணா, இவர் வண்டியிலயே போறோம்" என்றாள். சாயங்காலம் போய்ப் பெட்டிகளின் வாசல்களை எல்லாம் கம்பிவலை வைத்து அடைத்துவிட்டு வந்தாள். தேனீக்கள் உள்ளே அடைந்த பிறகு அப்படி மூடினால்தான் மறுநாள் தூக்க முடியும். மூடிய பிறகு எடுத்தே ஆக வேண்டும். அவை தாமாகப் பறந்து தப்ப வழியில்லை.

காலையில் மழை முந்திக்கொண்டது. களிமண் சரிவில் பாதி தூரம் ஏறியதும் வண்டி வழுக்கியது. பல்டாக்டர், இதற்குத்தானே காத்திருந்தேன் என்பதுபோல லீவரை இழுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. பின் சக்கரங்கள் சேற்றை வாரி வானத்துக்கு அடித்தன. முன் சக்கரங்கள் இரண்டும், தங்களுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல நின்றன.

இறங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். முன் அச்சுக்குப் போக வேண்டிய ஷாஃப்ட் இல்லை. அது இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, தூசி போகாமல், கம்பியால் மூன்று முறுக்கு முறுக்கிக் கட்டியிருந்தது. அக்கறையாகக் கட்டியிருந்தது. யார் கை முறுக்கு என்று அவருக்குத் தெரியும்.

சேற்றில் படுத்தபடியே ஃபோன் செய்தார்.

"முன் அச்சுக்கு அந்தக் கியர் எங்க தேடியும் கிடைக்கலடா" என்றான் மெக்கானிக். "பின்னாடி மட்டும் போட்டேன். தெரியாம நீ லீவரை இழுத்தா எல்லாம் நொறுங்கிடும். அதான் ஷாஃப்டைக் கழட்டி வச்சேன். உன் நல்லதுக்குத்தான்."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேன். நீ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சே. அப்புறம்... நீ எங்கடா மலை ஏறப் போறேன்னு நினைச்சேன்."

மழை அவர் காலில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். மெக்கானிக் இருமினான்.

"உன் மச்சானுக்குத் தெரியும். விடுப்பா, சந்தோஷமா விளையாடிட்டுப் போகட்டும்னார்."

வெளியே வந்தபோது மனைவி அங்கேயே நின்றிருந்தாள். ஃபோன் சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது. "அதான் நேத்து அண்ணன் ஃபோன்ல அவ்வளவு நேரம் பேசாம இருந்தாரா" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. குடையை மடக்கி வண்டிக்குள் போட்டுவிட்டுச் சரிவில் நடக்கத் தொடங்கினாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

இரண்டு பேருமாகப் பெட்டிகளைக் கையில் தூக்கி மேடான பாறைக்கு மாற்றினார்கள். பெட்டிக்குள்ளிருந்த இரைச்சல் கையில் அதிர்ந்தது. மேல் வரிசைகளை முடிப்பதற்குள் ஓடை கரையைத் தாண்டிவிட்டது. கடைசி வரிசைக்குப் போக முடியவில்லை. தண்ணீர் பெட்டிகளின் அடைத்த வாசல் வரை வந்தது, பிறகு மூடியையும் தாண்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வலைகளை அடைத்தது அவள் கைதான்.

பிற்பகலில் மச்சானின் வண்டி உறுமாமல் மேலே வந்து சேர்ந்தது. மனசு கேட்கவில்லை என்றார். தங்கை அவர் பக்கம் திரும்பாமல் மிச்சப் பெட்டிகளை ஏற்றினாள். பல்டாக்டருக்கு அவரைத் திட்டுவதற்கு நிறைய இருந்தது. நியாயமும் தன் பக்கம்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் பாதியிலேயே முப்பத்துமூன்று அங்குலத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"மாப்ள, நான் சொல்லியிருக்கணும்" என்றார் மச்சான்.

"கயிற்றைப் பிடிங்க" என்றார் பல்டாக்டர்.

மெக்கானிக் இரண்டு நாள் கிளினிக் வாசலில் வந்து நின்றான். டாக்டர் வேலையாக இருக்கிறார் என்று உள்ளே இருந்து பதில் போனது. மூன்றாம் நாள் கழற்றிய ஷாஃப்டையும், பழைய பின் அச்சுக் கியரையும் எண்ணெய்த் தாளில் சுற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனான். பழைய கியர் போட்டால் முன்னும் பின்னும் ஒத்துப்போகும். எந்த டயரோடு என்பதை அவன் சொல்லவில்லை.

பல்டாக்டர் ஊரின் மறுகோடியில், தன்னிடம் யாரும் பல் பிடுங்கிக்கொண்டிராத பகுதியில், ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்தார். கியர் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு அச்சையும் திறந்து காட்டச் சொல்லிப் பற்களைத் தன் கையாலேயே எண்ணினார். பட்டறைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்திலேயே டயர் கடை.

என்ன அளவு என்று கடைக்காரர் கேட்டார். பல்டாக்டர் வண்டி மாடலை மட்டும் சொன்னார்.

"இந்த வண்டிக்கு இப்ப எல்லாரும் பெருசாதான் சார் போடுறாங்க. முப்பத்துமூணு தரட்டுமா?"

"வேண்டாம். கம்பெனி அளவே குடுங்க" என்றார் பல்டாக்டர். பிறகு வாயைத் திறந்தபடி உட்கார்ந்து, அவர்கள் மாட்டி முடிக்கும்வரை எதுவும் பேசாமல் இருந்தார்.